உப்புக் கரைசலில் ஓர் இதயம்

சற்று நீளமான பதிவு. நோயியல், தடய மருத்துவம் ஆகிய துறைகளில் முதுநிலை பயிலும் மாணவர்களும், அவர்களுடைய விடுப்புக் கடிதங்களில் கையொப்பமிடும் நிலையில் உள்ள பேராசிரியர்களும் பொறுத்துப் படிக்க வேண்டுகிறேன். ஆய்வேட்டுக்காகச் சேர்த்த செய்திகள் சில இதில் உள்ளன. ஆனால் ஆய்வேட்டில் எழுத முடியாதவையே மிகுதி.

2019ஆம் ஆண்டு மே மாதத்தில் என் அத்தான் இறந்தார். அக்காவின் கணவர், வயது முப்பத்து நான்கு. மத்திய இந்தியாவில் ஒரு நெடுஞ்சாலைப் பணியில் மேற்பார்வையாளராக இருந்தார். பிற்பகலில் தார்க்கலவை இறக்கும் இடத்தில் நின்றிருந்தவர் பேசிக்கொண்டிருக்கும்போதே சரிந்து விழுந்ததாக உடன் பணிபுரிந்தோர் கூறினர். வெயில் தாக்கம் என்றார் ஒருவர், அட்டாக் என்றார் இன்னொருவர். காவல்துறை வழக்குப் பதிந்து உடலை மாவட்ட மருத்துவமனைக்கு அனுப்பியது. மறுநாள் மாலை உடல் எங்களிடம் ஒப்படைக்கப்பட்டது.

உடற்கூறாய்வு அறிக்கையின் கடைசிப் பத்தியில், இறப்பின் காரணம் பற்றிய கருத்து நிறுத்திவைக்கப்படுகிறது என்றும், வேதிப் பகுப்பாய்வும் திசு ஆய்வும் வந்தபின் தெரிவிக்கப்படும் என்றும் எழுதியிருந்தது. ஏழு மாதங்களுக்குப் பின் இரண்டும் வந்தன. நஞ்சு எதுவும் இல்லை என்றது முதல் அறிக்கை. திசு முற்றிலும் சிதைந்த நிலையில் இருப்பதால் கருத்துக் கூற இயலாது என்றது இரண்டாவது. இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்து, இறப்பின் காரணத்தை உறுதிசெய்ய முடியவில்லை என்று மருத்துவர் முடிவெழுதினார்.

இந்த ஒரு வாக்கியத்தால் எங்கள் குடும்பத்துக்கு இரண்டு விளைவுகள் ஏற்பட்டன. முதலாவது இழப்பீடு. 1923ஆம் ஆண்டின் பணியாளர் இழப்பீட்டுச் சட்டப்படி, பணியின் காரணமாகவும் பணியின்போதும் நேர்ந்த விபத்தால் இறப்பு விளைந்தது என நிறுவ வேண்டும். பணியிடத்தில் மாரடைப்பால் இறந்தார் என்பது மட்டும் போதாது, பணியின் அழுத்தத்துக்கும் இறப்புக்கும் காரணத் தொடர்பு காட்டப்பட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பில் கூறியிருக்கிறது. எங்கள் வழக்கில் மாரடைப்பு என்பதே நிறுவப்படவில்லை. கோரிக்கை தள்ளுபடியாயிற்று; மேல்முறையீடு நிலுவையில் இருக்கிறது.

இரண்டாவது, அக்காவின் மகன். அப்போது அவனுக்கு ஐந்து வயது. இளம் வயதில், முன்னறிகுறியின்றி, உழைப்பின்போது நேரும் திடீர் இறப்புகளில் ஒரு பகுதி இதயத்தசையின் மரபுவழி நோய்களால் நேர்கிறது. அவற்றுள் முதன்மையானதாகிய இதயத்தசைத் தடிப்பு நோய் தந்தைக்கு இருந்தால், பிள்ளை அந்த மரபணு மாற்றத்தைப் பெறுவதற்கான வாய்ப்பு பெரும்பாலும் இரண்டில் ஒன்று. நான் வாழும் ஐதராபாத்தில் உள்ள செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தின் ஆய்வாளர்கள் உள்ளிட்ட குழு, இதயத்தசைப் புரதம் ஒன்றுக்குரிய மரபணுவில் 25 இணைகள் விடுபட்ட மாற்றம் இந்திய மக்களில் ஏறத்தாழ 4 விழுக்காட்டினரிடம் இருப்பதையும், அதற்கு இதயத்தசை நோயோடு தொடர்பு இருப்பதையும் 2009இல் வெளியிட்டது. அந்தக் கட்டுரையை நான் எத்தனை முறை படித்தேன் என்று எண்ணவில்லை. படித்தும் பயனில்லை. அத்தானின் இதயத்தில் என்ன இருந்தது என்பது எவருக்கும் தெரியாது.

இனி என் தோழியைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2022 முதல் ஐதராபாத்தில் நானும் அவளும் ஒரே வாடகை வீட்டில் இருந்தோம். ஒடிசாவைச் சேர்ந்தவள், அப்போது நோயியலில் எம்.டி. பயின்றுகொண்டிருந்தாள். 2023 கோடையில் வழக்கறிஞரிடமிருந்து வழக்குத் தாள்களின் நகல் வந்தது. அவற்றை நான் சமையலறை மேசையில் பரப்பி வைத்திருந்தபோது, தேநீர்க் கோப்பையோடு வந்து நின்றவள் ஒரு தாளை எடுத்துப் பார்த்தாள். உறுப்புகளை ஆய்வகத்துக்கு அனுப்பிய பட்டியல் அது. இரைப்பை, கல்லீரல், சிறுநீரகம் என்ற வரிசையில் கடைசியாக இதயம் இருந்தது. ஒவ்வொன்றுக்கும் எதிரே ‘செறிவுற்ற உப்புக் கரைசல்’ என எழுதப்பட்டிருந்தது. அவள் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “இந்த இதயத்தை அன்றைக்கே இழந்துவிட்டார்கள், நீ ஏழு மாதம் வீணாகக் காத்திருந்திருக்கிறாய்” என்றாள்.

மருத்துவம் பயிலாதவர்களுக்காக இதைச் சற்று விரித்துச் சொல்கிறேன். உடற்கூறாய்வில் எடுக்கும் உறுப்புகள் இரண்டு வேறு நோக்கங்களுக்காக இரண்டு வேறு ஜாடிகளில் இடப்படுகின்றன. நஞ்சைத் தேடும் வேதிப் பகுப்பாய்வுக்குச் செல்பவை, பொதுவாகச் செறிவுற்ற உப்புக் கரைசலில் வைக்கப்படும். ஃபார்மலின் பட்டால் அந்தப் பகுப்பாய்வு பழுதாகும். நுண்ணோக்கியில் பார்க்க வேண்டிய திசுவுக்கோ ஃபார்மலின்தான் வேண்டும். உப்புக் கரைசல் திசுவின் கட்டமைப்பை நிலைநிறுத்தாது. ஃபார்மலினில் இட்டால் மட்டும் போதாது. அது திசுவுக்குள் முதலில் மணிக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் என்ற அளவிலும், பிறகு இன்னும் மெதுவாகவும் ஊடுருவும். ஆகவே இதயத்தைத் திறந்து, உறைந்த இரத்தத்தைக் கழுவி, திசுவின் பருமனைப்போல் பத்து மடங்கு கரைசலில் இட வேண்டும். முழு இதயத்தை அப்படியே ஒரு சிறிய ஜாடியில் திணித்தால், வெளிப்புறம் பதமாகும், உட்புறம் அழுகும். இவ்வளவுதான் விஷயம். சொல்லிக் கொடுத்தால் ஒரு முற்பகலில் கற்றுக்கொள்ளக்கூடியது. சொல்லிக் கொடுக்க ஆள் இருந்தால்.

அறிக்கையை மீண்டும் புரட்டினாள். இதயத்தின் எடை குறிக்க வேண்டிய இடத்தில் ‘இயல்பு’ என்றிருந்தது. கிராமில் ஓர் எண் இருந்திருந்தால்கூடத் தசை தடித்திருந்ததா என்று ஊகித்திருக்கலாம் என்றாள்.

அன்றிரவு நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தோம். அவள் சொன்னவற்றுள் ஒன்று என்னைத் திகைக்க வைத்தது. ஆய்வகத்தில் அவளிடம் வரும் உடற்கூறாய்வுத் திசுக்களில் பல, ‘இதயத்தின் ஒரு துண்டு’ என்ற சீட்டோடு மட்டுமே வருமாம். எந்த அறை, எந்தச் சுவர், இறந்தவர் எப்படி இறந்தார், எதுவும் இராது. அவளும் உடலைப் பார்த்ததில்லை. உடலைத் திறந்தவர் ஸ்லைடைப் பார்ப்பதில்லை. இந்தியாவில் தடய மருத்துவ எம்.டி.யும் நோயியல் எம்.டி.யும் தனித்தனிப் பாதைகள். ஒரே வளாகத்தில், பெரும்பாலும் எதிரெதிர்க் கட்டடங்களில், ஒருவர் பணியை மற்றவர் அறியாமலே மூன்றாண்டுகள் கழிந்துவிடும். அமெரிக்காவில் நோயியல் பயின்றவரே மேலும் ஓராண்டு பயின்று தடயவியல் நோயியலாளர் ஆகிறார். அங்கே 1959 முதல் இதற்குத் தனித் தேர்வு இருக்கிறது. நம் முறை தாழ்ந்தது என்று நான் கூறவில்லை. காயங்களைப் படிப்பதிலும், நீதிமன்றத்தில் நின்று விடை கூறுவதிலும் நம் தடய மருத்துவர்கள் பெறும் பட்டறிவு பெரிது. ஆனால் காயமே இல்லாத இறப்பில் அந்தப் பட்டறிவு கைகொடுப்பதில்லை. அங்கே நோயியல் வேண்டும். அதிலும், பிணவறையில் நின்று பழகிய நோயியல் வேண்டும்.

சண்டிகர் பி.ஜி.ஐ., மும்பை கே.இ.எம். போன்ற சில இடங்களில் நோயியல் துறையே உடற்கூறாய்வு செய்து, அதைச் சிகிச்சை அளித்த மருத்துவர்களோடு அமர்ந்து விவாதிக்கும் மரபு உண்டு. பிற பெரும்பாலான கல்லூரிகளில் மருத்துவமனை இறப்புகளுக்கான உடற்கூறாய்வு ஏறக்குறைய மறைந்துவிட்டது. என் தோழி அந்தப் பிற கல்லூரிகளுள் ஒன்றில் பயின்றாள்.

தடய மருத்துவத் துறை வலுவாக உள்ள வேறொரு நகரத்து நிறுவனத்தில் இரண்டு மாதங்கள் பயிற்சி பெற வேண்டும் என்று அவள் முடிவெடுத்தாள். இதற்குச் ‘சுழற்சிப் பணி’ என்று அழகிய பெயர் இருக்கிறது. பாடத்திட்டத்தில் இல்லாத சுழற்சிக்குப் பணம் யார் தருவது என்ற கேள்விக்குத்தான் பெயர் இல்லை. அவள் கல்லூரி, விடுப்பு எடுத்துச் செல்லலாம், அந்நாட்களுக்கு உதவித்தொகை கிடையாது என்றது. செல்லவிருந்த நிறுவனம், பார்வையாளர் பயிற்சிக் கட்டணமாக மாதந்தோறும் ஒரு தொகை கேட்டது. விடுதி இல்லை என்றது. பழைய நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் அவள் போட்ட கணக்கு நினைவிருக்கிறது. கட்டணம், அறை வாடகை, உணவு, இரயில், தடுப்பூசி என எல்லாம் சேர்ந்து 58,000 ரூபாய். இழக்கும் உதவித்தொகை இதில் சேராது. ஒவ்வொரு மாதமும் தம்பியின் கல்லூரிக் கட்டணத்துக்குப் பணம் அனுப்புபவள் அவள்.

துறைத்தலைவரின் மறுப்பும் நியாயமற்றது என்று சொல்ல மாட்டேன். அந்த ஆய்வகத்தின் அன்றாட வேலை முதுநிலை மாணவர்களின் தோளில்தான் நடக்கிறது. ஒருத்தி இரண்டு மாதம் இல்லையென்றால் பயாப்சி அறிக்கைகள் தேங்கும். எங்கோ ஒரு நோயாளியின் புற்றுநோய் சிகிச்சை தாமதமாகும். “உன்னை அனுப்பினால் உன் மேசையில் யாரை உட்கார வைப்பேன்?” என்று அவர் கேட்டாராம். இந்தக் கேள்வியைப் பல நாட்கள் ஒரு சாக்கு என்றே கருதியிருந்தேன். பயிற்சிக்கான நிதியைப் பற்றிப் பேசும்போது செல்பவருக்கு வேண்டிய பணத்தை மட்டுமே நாம் கணக்கிடுகிறோம். அனுப்பும் துறையில் விழும் வெற்றிடத்துக்கும், ஏற்கும் பிணவறையில் கற்பிப்பவரின் நேரத்துக்கும் விலை உண்டு என்பது எனக்குப் பிறகே விளங்கியது. இம்மூன்றில் ஒன்றை விட்டாலும் திட்டம் தாளில்தான் இருக்கும்.

தற்செயல் விடுப்பையும் தேர்வுக்கான விடுப்பையும் சேர்த்து, பத்தொன்பது நாட்கள் போய் வந்தாள். கட்டணத்துக்கு நான் கொஞ்சம் கடன் கொடுத்தேன் (திருப்பித் தந்துவிட்டாள், வேண்டாமென்றும் கேட்கவில்லை).

முதல் நாள் கதவருகே நிற்க வைத்தார்களாம். மண்டையோட்டைத் திறப்பது எப்படி என்று அவளுக்கு முதலில் காட்டியவர் பேராசிரியர் அல்லர். இருபது ஆண்டுகளாக அங்கே பணிபுரியும் பிணவறை உதவியாளர். “மேடம், கையை இப்படி வையுங்கள், ரம்பம் தானாகப் போகும்” என்று இந்தியில் சொல்லிக்கொடுத்தாராம். இரண்டாம் வாரத்தில் தானே ஓர் இதயத்தைத் திறந்தாள்: இரத்தம் ஓடும் திசையைப் பின்பற்றிக் கத்தரிக்கோலைச் செலுத்துவது, தமனிகளைச் சில மில்லிமீட்டர் இடைவெளியில் குறுக்கே வெட்டிப் பார்ப்பது, கீழறைகளை வளையங்களாக அறுத்துத் தடிமனை அளப்பது, எந்தச் சுவரிலிருந்து எடுத்த துண்டு என்று ஒவ்வொன்றுக்கும் எண் இடுவது. அங்கிருந்த தடய மருத்துவ மாணவர்களுக்கு அவள் மாலையில் ஸ்லைடுகள் காட்டினாள். அவர்கள் அவளுக்குத் தூக்குக் கயிற்றின் தடத்தைப் படிக்கக் கற்பித்தார்கள். ஒரு நாள், வயலில் விழுந்து இறந்த இளைஞன் ஒருவனின் இதயத்தில் தசையழற்சியை அவளே கண்டு சொன்னாள். காவல்துறையின் சந்தேகம் அந்த இளைஞனின் உறவினர் ஒருவர்மீது இருந்ததாம். அன்றிரவு தொலைபேசியில் அவள் குரல் எனக்குப் புதிதாக இருந்தது.

திரும்பி வந்தவள் ஒரே பக்கத்தில் ஒரு படிவம் தயாரித்தாள். மேலே இதயத்தின் கோட்டோவியம். கீழே எடை, சுவர்த் தடிமன், எடுத்த துண்டுகளின் எண்கள், எந்தக் கரைசல் என்ற கட்டம். அதைத் தன் கல்லூரியின் தடய மருத்துவத் துறையிடம் கொடுத்தாள். சில மாதங்கள் பயன்படுத்தினார்களாம்.

இங்கே பணம் என்ற சொல்லுக்கு வருகிறேன். தடய அறிவியலுக்கு இந்தியாவில் பணமில்லை என்று கூற முடியாது. 2024 ஜூன் மாதத்தில் மத்திய அமைச்சரவை, தேசியத் தடயவியல் உட்கட்டமைப்பு மேம்பாட்டுத் திட்டத்துக்கு 2,254.43 கோடி ரூபாய் ஒப்புதல் அளித்தது. தேசியத் தடய அறிவியல் பல்கலைக்கழகத்தின் புதிய வளாகங்கள், புதிய மத்தியத் தடய ஆய்வகங்கள், தில்லி வளாகத்தின் மேம்பாடு ஆகியவை அதன் உறுப்புகள். அவ்வாண்டு ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, ஏழாண்டோ அதற்கு மேலோ தண்டனைக்குரிய குற்றங்களில் தடய வல்லுநர் நிகழ்விடம் செல்ல வேண்டும் என்கிறது. அதற்கு ஆய்வகங்கள் தேவைதான். அதே சட்டத்தின் 194ஆம் பிரிவு உடற்கூறாய்வைப் பற்றிச் சொல்வது என்ன? உடலை அருகிலுள்ள சிவில் சர்ஜனிடமோ, மாநில அரசு அமர்த்திய தகுதியுள்ள வேறு மருத்துவரிடமோ அனுப்ப வேண்டும். அவர் தடய மருத்துவமோ நோயியலோ பயின்றிருக்க வேண்டும் என்று அது கேட்கவில்லை. பழைய சட்டத்தின் 174ஆம் பிரிவும் கேட்கவில்லை. ஆய்வகம் எத்தனை நவீனமாக இருந்தாலும் அங்கே வந்து சேர்வது, ஜாடியில் யாரோ இட்டு அனுப்பியதுதான்.

விசாரணை உள்துறையைச் சார்ந்தது. மருத்துவரின் பயிற்சி சுகாதாரத் துறையைச் சார்ந்தது. மாவட்ட மருத்துவமனை மாநிலத்தினுடையது. ஆகவே பிணவறைக்குள் ஓர் இளம் மருத்துவரை இரண்டு மாதம் நிறுத்திவைக்கும் செலவு எந்தத் துறையின் வரவுசெலவுத் தலைப்பிலும் இயல்பாக அமர்வதில்லை. என் களப்பணியில் இக்கேள்வியைக் கேட்ட அலுவலர்கள் மூவரும் மரியாதையாக அடுத்த கட்டடத்தைக் காட்டினார்கள்.

முன்மாதிரியே இல்லை என்றால் நான் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். 2020 செப்டம்பரில் அறிவிக்கப்பட்ட மாவட்ட உறைவிடத் திட்டத்தின்படி, முதுநிலை மாணவர் ஒவ்வொருவரும் மூன்று மாதங்கள் மாவட்ட மருத்துவமனையில் பணிபுரிய வேண்டும். அந்த மூன்று மாதங்களுக்கும் தாய்க்கல்லூரியே முழு உதவித்தொகையைத் தொடர்ந்து வழங்க வேண்டும் என்று விதி கூறுகிறது. என் தோழியும் அப்படிச் சென்றாள்; மாவட்ட மருத்துவமனை ஆய்வகத்தில் இரத்த எண்ணிக்கை பார்த்துவிட்டு வந்தாள்; உதவித்தொகை தடையின்றி வந்தது; அவள் மேசையைக் கல்லூரி எப்படியோ சமாளித்துக்கொண்டது. வெளியே செல்பவருக்கு உதவித்தொகை தொடர முடியும் என்பது இதனால் தெரிகிறது. விருப்பமுள்ள நோயியல் மாணவருக்கு இரண்டு மாதம் தடய மருத்துவத் துறையிலும், தடய மருத்துவ மாணவருக்கு இரண்டு மாதம் திசுநோயியல் மேசையிலும், உதவித்தொகை தொடர, தங்குமிடமும் பயணச் செலவும் தந்து அனுப்ப ஓர் ஆணை போதும். மாநிலத்துக்கு ஆண்டுக்குப் பத்துப் பேர் என்று தொடங்கினாலும், என் தோழியின் நாட்காட்டித் தாள் கணக்குப்படி ஆறு இலட்சத்தைத் தாண்டாது. அனுப்பும் துறைக்கு மாற்று ஆள் தருவதையும் சேர்த்தால் கூடும், கூடட்டும்.

நிதி வந்துவிட்டால் இளையோர் இத்துறைக்குத் திரண்டு வருவார்கள் என்று நான் நம்பவில்லை. அமெரிக்காவில் 2017 முதல் நடுவண் நீதித்துறையின் மானியம் தடயவியல் நோயியல் பயிற்சிக்குக் கிடைக்கிறது, பற்றாக்குறை தீரவில்லை. ஓராண்டு கூடுதலாகப் படித்தவர், படிக்காத மருத்துவமனை நோயியலாளரைவிடக் குறைந்த ஊதியம் பெறுகிறார் என்பது அங்கே நெடுநாள் குறை. இங்கேயும் என் தோழி இப்போது தனியார் ஆய்வகம் ஒன்றில் பயாப்சி பார்க்கிறாள். குறை சொல்ல மனம் வரவில்லை. பத்தொன்பது நாளுக்குப் பதில் அறுபது நாள் கிடைத்திருந்தால் வேறு முடிவெடுத்திருப்பாயா என்று ஒருமுறை கேட்டேன். “அறுபது நாள் போய் வந்தபின் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்” என்றாள்.

சென்ற ஆண்டு, ஆய்வுப் பயணமாக அந்த மாவட்டத்துக்கே போனேன். அத்தானின் உடற்கூறாய்வைச் செய்த மருத்துவர் இன்னும் அங்கேதான் இருந்தார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவராக இருக்கலாம். கோபத்தை எடுத்துக்கொண்டுதான் போயிருந்தேன். அவர் அவசரப்பிரிவில் பணியில் இருந்தார். நாங்கள் பேசிய நாற்பது நிமிடத்தில் ஆறு முறை எழுந்து போனார். எம்.பி.பி.எஸ். படிக்கையில் பத்து உடற்கூறாய்வுகளை எட்ட நின்று பார்த்ததாகவும், பயிற்சி மருத்துவராகப் பிணவறையில் ஒரு நாளும் நின்றதில்லை என்றும், இங்கே வந்த முதல் வாரமே கத்தியைக் கையில் கொடுத்துவிட்டார்கள் என்றும் சொன்னார். (2021இன் விதிகள் பயிற்சி மருத்துவர்களுக்குத் தடய மருத்துவத்தில் ஒரு வாரத்தைக் கட்டாயமாக்கியுள்ளன. அவருக்கு அதுவும் வாய்க்கவில்லை.) உப்புக் கரைசல் பற்றிக் கேட்டேன். எல்லாவற்றையும் அதில்தான் இடுவோம் என்றார். அன்று மருத்துவமனையில் ஃபார்மலின் இருந்ததா என்பது நினைவில்லை என்றார். தோழியின் படிவத்தை எடுத்துக் காட்டினேன். இரண்டு நகல் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். கிளம்பும்போது, அந்தப் பிள்ளை எப்படி இருக்கிறான் என்று விசாரித்தார். நான் சொல்லாமலே அறிக்கையிலிருந்த வயதைக் கொண்டு ஊகித்திருக்க வேண்டும்.

அவனுக்கு இப்போது பதினொரு வயது. ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் அக்கா அவனைத் திருச்சிக்கு எக்கோவுக்கு அழைத்துச் செல்கிறாள். இதுவரை எல்லாம் இயல்பு. பள்ளிக் கால்பந்துக் குழுவில் சேரலாமா என்று இவ்வாண்டு கேட்டிருக்கிறான். தந்தைக்கு என்ன நோய் என்று தெரிந்தால் சொல்வது எளிது என்கிறார் இதய மருத்துவர்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் கல்லூரியிலோ பல்கலைக்கழகத்திலோ, முதுநிலை மாணவர் எவரேனும் உதவித்தொகை நிற்காமல் வேறு நிறுவனத்தின் தடய மருத்துவத் துறைக்கோ நோயியல் துறைக்கோ பயிற்சிக்குச் சென்றதுண்டா? ஆணையின் நகல் இருந்தால், பெயர்களை மறைத்துவிட்டு எனக்கு அனுப்புங்கள். மறுக்கப்பட்ட கடிதங்களும் வேண்டும். இரண்டையும் தொகுத்து, மாநில மருத்துவக் கல்வி இயக்ககங்களுக்கு அனுப்பும் கோரிக்கையோடு இணைக்க எண்ணியிருக்கிறேன். படிவம் வேண்டுவோர் கேளுங்கள், தருகிறேன். தோழியின் இசைவு பெற்றிருக்கிறேன்.